ஏஆர்டிஎஸ்ஸும் முழங்கால் சிடியும்

மாமாவுக்கு நிமோனியான்னு தர்மபுரில ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம், மறுநாளே எக்ஸ்ரேல ரெண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாயிருச்சு, இது ஏஆர்டிஎஸ், அதாவது நுரையீரல் வீங்கி தண்ணி கோத்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் போகாத நெலம, சேலம் கொண்டு போங்கன்னுட்டாங்க. ஆம்புலன்ஸ், பெட்டெல்லாம் எப்படியோ கெடச்சிருச்சு. ரிப்போர்ட், பேப்பர் வாங்கறதுலதான் எங்க உசுரு போச்சு.

சேலம் டாக்டர் படம் கேட்டாரு. இங்க எக்ஸ்ரேவ ஜன்னல்ல வெச்சு போட்டோ புடிச்சு வாட்ஸப் பண்ணாங்க, அதுல ஜன்னல் கம்பிதான் தெரியுது, சிடி ஸ்கேனோட டிஸ்க் வேணும்னாரு. ஸ்கேன் சென்டர்ல ஒரிஜினல் பில் கேக்குறாங்க, பில்லு ஃபைல்ல இருக்கு, ஃபைலு ஐசியூக்குள்ள இருக்கு. கவுண்டர்ல இருந்தவரு தலைய தூக்கிக்கூட பாக்கல. கெஞ்சி கூத்தாடி டிஸ்க் வாங்கி, ஒரு சந்தேகத்துல பக்கத்து பிரவுசிங் சென்டர்ல போட்டுப் பாத்தா யாரோட முழங்காலோ இருக்கு! சேலம் போற வழில தொப்பூர் கணவாய் எறங்கினப்புறம் பாத்திருந்தா என்னாயிருக்கும்? அதனால கவுண்டர்லயே பேரு, தேதி போட்டுக் காட்டச் சொல்லுங்க.

அடுத்தது ஏபிஜி சீட்டு, தமனி ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோன்னு பாக்குற டெஸ்ட். பிஏஓ2, அதாவது ரத்தத்துல இருக்கற ஆக்சிஜனோட அழுத்தம், 70னு இருக்கு, அப்ப எவ்ளோ ஆக்சிஜன் ஓடுச்சுன்னு எழுதல. படத்துல ரெண்டு பக்கமும் வெள்ளை இருக்குதான்னு பாப்போம், ஆனா மைல்டா சிவியரான்னு, பிஏஓ2வ குடுத்த ஆக்சிஜன் அளவால வகுக்குற கணக்குதான் சொல்லும்னு டாக்டர் சத்தம் போட்டாரு. 60 சதவீதத்துல 70 வந்தா, 70ஐ 0.6ஆல வகுத்து 117, அது மாடரேட். அதே 70 முழு ஆக்சிஜன்ல வந்திருந்தா 100க்கு கீழ, சிவியர். ராத்திரி டூட்டி நர்ஸக்காதான் சார்ட்ட பொரட்டி 60னு எழுதி நேரமும் போட்டுக் குடுத்தாங்க, நல்லா இருக்கணும் அவங்க.

சேலத்துல எக்ஸ்ரேவ நாலு கட்டமா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ தூரம் பரவியிருக்கு, எவ்ளோ அடர்த்தின்னு மார்க் போட்டாங்க, மொத்தம் 48க்கு. வெண்டிலேட்டர்ல இருக்கறவர அடிக்கடி ஸ்கேனுக்கு தூக்கிட்டு போறது ரிஸ்க், அதனால பெட்லயே எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட். பழைய சிடில முதுகுப்பக்கந்தான் கெட்டியா இருக்குன்னு காட்டுனாரு. அதோட அந்த வகுத்த கணக்கு 150க்கு கீழ இருக்கறதால தெனமும் 16 மணி நேரத்துக்கு குறையாம குப்புற படுக்க வெச்சாங்க, அந்த நம்பர் மெல்ல மெல்ல ஏறுச்சு.

மாமா வீட்டுக்கு வந்துட்டாரு, மாடிப்படி ஏறுனா இன்னும் மூச்சு வாங்குது. அந்த முழங்கால் டிஸ்க் எங்கிட்டதான் இருக்கு, திருப்பிக் குடுக்கப் போனா அதுக்கும் பில்லு கேக்குறாங்க.