ஹீத்ரோவுல அம்மா அப்பாவ வழியனுப்பறது: 7 பவுண்டு கட்டாம, அவசரப்படாம

லண்டன்ல இருக்கற ஹாரோவுக்குக் குடிவந்து நாலு வருசம் ஆகப்போகுது. கிளம்பறதுக்கு முன்னாடி வாடகை, கவுன்சில் டேக்ஸ், கரண்ட் பில், கேஸ் பில்னு ஒவ்வொண்ணையும் தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சு நோட்டுல எழுதிக்கிட்டுதான் வந்தேன். ஏர்போர்ட் வாசல்ல ஆளை இறக்கிவிடவும் காசு கட்டணும்னு மட்டும் யாரும் சொல்லல. நானும் கேக்கல, கேக்கணும்னு தோணவே இல்ல. நம்ம ஊர்ல ஒருத்தர் வெளிநாடு போறாருன்னா வேன் புடிச்சு வீடே கிளம்பிடும், பெரியப்பா சித்தப்பா பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் மறையற வரைக்கும் நின்னு கை காட்டிட்டுதான் திரும்புவோம். அந்தப் பழக்கத்தோடயே இங்கயும் வந்துட்டேன்.

முதல்ல எனக்கு அடி விழுந்தது லண்டனைச் சுத்தி இருக்கற வேற ஒரு ஏர்போர்ட்ல. கூட வேலை பாக்கற ஒருத்தரு ஸ்பெயினுக்கு லீவுக்குப் போனாரு, காலைல நாலரை மணிக்கு ரயில் இல்ல, நானே கொண்டுபோய் விடறேன்னு சொன்னேன். இறக்கிவிட்டேன், ரெண்டு நிமிசம் கூட ஆகியிருக்காது, வெளிய வர்ற வழியில எங்கயாவது கேட் இருக்கும், கார்டைத் தட்டிட்டு வந்துடலாம்னு பாத்துக்கிட்டே வந்தேன், கேட்டும் இல்ல, பூத்தும் இல்ல, நேரா மோட்டார்வேக்கு வந்து சேந்துட்டேன். சரி, கொஞ்ச நேரம்தானே நின்னோம், ஃப்ரீ போலன்னு நினைச்சு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு என் கார் நம்பர் ப்ளேட் போட்டோவோட வீட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சு.

இப்ப லண்டன்ல பெரும்பாலும் இப்படித்தான். உள்ள நுழையும்போதே கேமரா நம்பர் ப்ளேட்டைப் படிச்சுக்கும், காசை நாமதான் வீட்டுக்கு வந்து ஆன்லைன்லயோ போன்லயோ கட்டணும். ஹீத்ரோவுல மறுநாள் ராத்திரி 12 மணி வரைக்கும் டைம் இருக்கு. அதைத் தாண்டிட்டா 80 பவுண்டு ஃபைன், 14 நாளுக்குள்ள கட்டினா 40. இன்னொண்ணு, கட்டணம் உள்ள நுழையற ஒவ்வொரு தடவைக்கும். அம்மா பாஸ்போர்ட் பையைக் கார்லயே விட்டுட்டாங்கன்னு ஒரு சுத்து சுத்தி மறுபடி உள்ள போனீங்கன்னா அதுக்கும் தனியாக் கட்டணும். அடிக்கடி போறவங்க கார் நம்பரைப் பதிஞ்சு ஆட்டோபே போட்டுக்கறது நல்லது, ஆனா காரை வித்தா அன்னைக்கே அந்த நம்பரை எடுத்துடுங்க, இல்லன்னா அடுத்தவர் போகும்போதெல்லாம் உங்க அக்கவுன்ட்ல இருந்து காசு போகும். அப்புறம் கூகுள்ல தேடி முதல்ல வர்ற சைட்ல கட்டிடாதீங்க. ஏர்போர்ட் மாதிரியே பேர் வச்சுக்கிட்டு மேல ரெண்டு மூணு பவுண்டு சேத்து வாங்கற சைட் எல்லாம் இருக்கு. ஏர்போர்ட்டோட சொந்த வெப்சைட்டுக்குப் போய் அங்கிருந்து கட்டுங்க.

ஹீத்ரோவுல இது ஆரம்பிச்சது 2021 நவம்பர்ல, அப்ப 5 பவுண்டு. 2025 ஜனவரியில 6 ஆச்சு, 2026 ஜனவரியில 7. நிக்கறதுக்கும் இப்ப 10 நிமிசம்தான். 7 பவுண்டுன்னா நம்ம காசுக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல. லண்டனோட இன்னொரு ஏர்போர்ட் கேட்விக்ல 10 பவுண்டு. டாக்ஸியில போனா தப்பிச்சுடலாம்னு பாக்காதீங்க, அந்தக் காசும் நம்ம பில்லுலதான் ஏறும்.

எனக்குக் காசை விட வலிச்சது அந்த 10 நிமிசம். அம்மாவும் அப்பாவும் விசிட்டர் விசாவுல முதல் தடவை வந்து ஆறு மாசம் முடியப் போற நேரத்துல கிளம்பினாங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ், சென்னைக்கு நேரா, டெர்மினல் 5. வாசல்ல காரை நிறுத்தி நாலு பெட்டியை இறக்கி ட்ராலி புடிச்சுட்டு வர்றதுக்குள்ளயே அஞ்சாறு நிமிசம் போயிடுச்சு. டிரைவர் காரை விட்டு நகரக்கூடாது, அதனால நான் உள்ள போகவே முடியாது. அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல இஞ்சித் தொக்கு இருக்கு, கருவேப்பிலைச் செடியை ஜன்னலை விட்டு நகத்தாதன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, பின்னாடி நிக்கற வண்டிக்காரரு லைட் அடிக்கறாரு, மஞ்சள் ஜாக்கெட் போட்டவரு வந்து கண்ணாடியைத் தட்டறாரு. அம்மா பாதியில நிறுத்திட்டு "சரிப்பா நீ கிளம்பு, உனக்கு ஃபைன் போட்டுருவாங்க"ன்னாங்க. அவங்க ஊருக்குப் போய்ச் சேந்து போன் பண்ற வரைக்கும் அந்தப் பாதிப் பேச்சுதான் எனக்குக் காதுல ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எங்க தெருவுலயே யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் இருக்காரு, இங்க வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, மினிகேப் ஓட்டறவரு. அவர்கிட்ட இதைச் சொன்னப்ப சிரிக்கல, பாவம்னும் சொல்லல. "தம்பி, வாசலுக்குக் காரைக் கொண்டு போறது பெட்டிக்கு மட்டும்தான். ஆக்களை வழியனுப்புறதெண்டா நீங்களும் இறங்கிப் போகோணும், காரை வீட்டில விடுங்கோ"ன்னாரு. அவர்கிட்டதான் நான் இதெல்லாம் கத்துக்கிட்டது.

ஹாரோ பஸ் ஸ்டேஷன்ல இருந்து எஸ்எல்9 பஸ். முன்னாடி எக்ஸ்140ன்னு சொல்லுவாங்க, 2023ல சூப்பர்லூப்னு பேர் மாத்தினாங்க. ஏர்போர்ட் பக்கத்துல இருக்கற ஹேய்ஸ் வழியா நேரா ஹீத்ரோ சென்ட்ரல் பஸ் ஸ்டேஷன், அதாவது டெர்மினல் 2, 3 வாசலுக்கே போயிடும். ஆளுக்கு 1.75 பவுண்டு. மூணு பேர் போனாலும் 5.25. பெட்டி வைக்க இடம் இருக்கு, காலைல ஸ்கூல் நேரத்துல மட்டும் போகாதீங்க, பசங்க கூட்டத்துல பெட்டியோட மாட்டிக்குவீங்க. டெர்மினல் 4, 5ன்னா அங்க இறங்கி ரயில் புடிக்கணும், டெர்மினலுக்கு டெர்மினல் எலிசபெத் லைன், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரெண்டுமே இலவசம். இந்த விசயம் எத்தனை பேருக்குத் தெரியாம டாக்ஸி புடிக்கறாங்க! ஆனா எலிசபெத் லைன்ல ஏர்போர்ட்டை விட்டு வெளிய வந்தா ஹேய்ஸ் வரைக்கும் ஒரே ஸ்டேஷன்னாலும் டிக்கெட் அதிகம், ஹீத்ரோ லைனுக்குத் தனி ரேட். அதனால ஹேய்ஸுக்கு பஸ்தான் மேல். லண்டன்லயே ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் இருக்கறவங்களுக்கு எங்க பஸ் பிரயோஜனப்படாது, அவங்களுக்கு ட்யூப் ரயில்ல பிக்கடில்லி லைன்தான் கைகொடுக்கும்.

பஸ்லயும் ரயில்லயும் டிக்கெட்டுக்குப் பதிலா பேங்க் கார்டைத் தட்டிட்டுப் போகலாம், ஆனா ஒரு கார்டை ரெண்டு பேருக்குத் தட்ட முடியாதுங்கறதை மறந்துடாதீங்க. ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட இங்கத்த கார்டு இருக்காது, ஊர் கார்டைத் தட்டினா பேங்க் தனியா சார்ஜ் போடலாம். அதனால வீட்டுல ரெண்டு ஆய்ஸ்டர் கார்டு, அதாவது முன்கூட்டியே காசு போட்டு வச்சுத் தட்டற லண்டன் பயண கார்டு, எப்பவும் டிராயர்ல வச்சிருக்கேன், கூப்பிடப் போறப்ப எடுத்துக்கிட்டுப் போறது. பதினொரு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்குப் பெரியவங்களோட போனா பஸ்லயும் ட்யூப்லயும் டிக்கெட்டே இல்ல.

சரி, நாலு பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ, அப்பாவுக்கு முட்டி வலி, பஸ்ல எப்படிப் போறதுன்னு கேப்பீங்க. நியாயம்தான். எல்லாருக்கும் பஸ் சரிப்படாது. அதுக்கு இன்னொரு வழி இருக்கு, ஹீத்ரோவோட லாங் ஸ்டே கார் பார்க், நாள் கணக்கா காரை விட்டுட்டுப் போற இடம். அங்க ஆளை இறக்கிவிட்டுட்டு அரை மணிக்குள்ள வெளிய வந்துட்டா காசு கிடையாது. அங்கிருந்து டெர்மினலுக்கு ஷட்டில் பஸ், அதுவும் ஃப்ரீ. எந்த டெர்மினலோ அதுக்கான லாங் ஸ்டேக்குப் போகணும், 5க்குப் போக வேண்டியவங்க 4க்கான இடத்துல இறங்கிட்டா நேரம் வீணாப்போகும். கேட்விக்லயும் இதே மாதிரி லாங் ஸ்டேல ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஃப்ரீ, ஸ்டான்ஸ்டட் ஏர்போர்ட்ல மிட் ஸ்டே கார் பார்க்ல ஒரு மணி நேரம். போறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை அவங்க சைட்ல பாத்துக்குங்க, இதெல்லாம் வருசா வருசம் மாத்தறாங்க.

ரெண்டாவது தடவை அம்மா அப்பா வந்துட்டுக் கிளம்பினப்ப நாங்க இப்படித்தான் செஞ்சோம். நான் காரை ஓட்டினேன், லாங் ஸ்டே பஸ் ஸ்டாப்புல பெட்டியை எல்லாம் இறக்கினேன், என் மனைவி அவங்களோட ஷட்டில்ல ஏறிட்டா, நான் காரை வீட்டுல போட்டுட்டு எஸ்எல்9 புடிச்சுத் திரும்பி வந்துட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்குத் தகுந்தாப்புல நாலு மணி நேரம் முன்னாடியே கிளம்பியிருந்தோம். அப்பாவுக்கு வீல்சேர் உதவி டிக்கெட் போட்ட ஏர்லைன்ல 48 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சிருந்தோம், அதுக்குப் பைசா வாங்கக்கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கு. நான் போறப்ப பெட்டியெல்லாம் உள்ள போயாச்சு, மூணு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. மனைவி பைல இருந்து புளியோதரை டப்பாவை எடுத்தா, ஃப்ளாஸ்க்ல காபி, அப்பா போர்டைப் பாத்துக்கிட்டே "கேட் இன்னும் போடல, போடல"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு, அம்மா மெதுவா ஒவ்வொண்ணாச் சொன்னாங்க. எந்த சாம்பார் பொடி பழசு, எது புதுசு, பாப்பாவுக்கு ராத்திரி எண்ணெய் எங்க தேய்க்கணும், எல்லாமே. முக்கால் மணி நேரம். யாரும் கண்ணாடியைத் தட்டல.

கூப்பிட்டு வர்றது வேற கதை. இறக்கிவிடற இடத்துல ஆளை ஏத்திக்கக் கூடாது, ஷார்ட் ஸ்டே கார் பார்க்குக்குதான் போகணும், அங்க நிமிசம் ஏற ஏறக் காசு ஏறும். நிறைய பேர் பண்ற தப்பு, ஃப்ளைட் லேண்ட் ஆச்சுன்னு ஆப்ல பாத்ததும் உள்ள போயிடறது. லேண்ட் ஆகி இமிக்ரேஷன் வரிசையில நின்னு பெட்டி வந்து ஆள் வெளிய வர்றதுக்கு ஒரு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. ஏர்போர்ட் வைஃபையில வாட்ஸ்அப் கால் போடச் சொல்லுங்க, கடைசிப் பெட்டி கையில வந்ததுக்கு அப்புறம்தான் கூப்பிடணும்னு கண்டிஷனாச் சொல்லி வைங்க, அதுவரைக்கும் வீட்டுலயோ ஹேய்ஸ் பக்கம் ஒரு டீக்கடையிலயோ உக்காந்திருங்க. ஏர்போர்ட்டை ஒட்டி இருக்கற ஊருங்க தெருவுல காரை நிறுத்திக் காத்திருக்காதீங்க. அங்க குடியிருக்கறவங்களுக்கு அது தினம் தினம் தொந்தரவு, டிக்கெட்டும் விழும். பெட்டி கம்மின்னா பிக்கடில்லியில ரெண்டாவது ஸ்டேஷன் ஹவுன்ஸ்லோ வெஸ்ட், அங்க கார் பார்க் இருக்கு, அங்க போய் நில்லுங்க, அவங்க ரயில்ல வந்துடலாம்.

வெளியூர்ல இருந்து கார்ல வர்ற சொந்தக்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பர்மிங்ஹாம் பக்கம் இருக்கற என் மச்சான் பழைய டீசல் கார்ல ராத்திரி 11 மணிக்கு ஹீத்ரோ வந்து அவங்க அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு 1 மணிக்குக் கிளம்பினான். 2023 ஆகஸ்ட் 29ல இருந்து யூலெஸ், அதாவது புகை அதிகம் விடற பழைய வண்டிங்களுக்குப் போடற கட்டணம், லண்டன் பூரா வந்தாச்சு, ஹீத்ரோவும் அதுக்குள்ளதான். பழைய வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, நாள்ங்கறது ராத்திரி 12ல இருந்து 12 வரைக்கும். ரெண்டு நாள் கணக்காகி 25 பவுண்டு, பார்க்கிங் தனி. உங்க கார் நம்பரைப் போட்டு லண்டன் போக்குவரத்துத் துறையோட டிஎஃப்எல் சைட்ல முதல்லயே பாத்துக்குங்க, பெட்ரோல் கார்னா 2006க்கு அப்புறம், டீசல்னா 2015 செப்டம்பருக்கு அப்புறம் வந்தது பெரும்பாலும் தப்பிச்சுடும். இப்ப அவன் காரே எடுக்கறதில்ல, நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச் ஹீத்ரோ சென்ட்ரல் பஸ் ஸ்டேஷனுக்கே வருது.

காசு கட்டிட்டுப் போறதும் தப்பில்ல. கைக்குழந்தை, நடக்க முடியாதவங்க, நடு ராத்திரி ஃப்ளைட்டுன்னா 7 பவுண்டைக் கட்டிட்டு நிம்மதியாப் போங்க, மறுநாள் கட்ட மறக்காம போன்ல அலாரம் வச்சுக்குங்க. மாற்றுத்திறனாளிகளுக்குப் பார்க்கிங்குக்காகக் கொடுக்கற ப்ளூ பேட்ஜ் இருக்கறவங்களுக்கு ஹீத்ரோவுல முழுத் தள்ளுபடி இருக்கு, ஆனா சும்மா கார்ல வச்சிருந்தாப் போதாது, கார் நம்பரோட பதிஞ்சிருக்கணும்.

அடுத்த மாசம் மாமனாரும் மாமியாரும் முதல் தடவையா வர்றாங்க. மாமியாருக்கு போன்ல டெய்லி ஒரு தடவை பாடம் நடக்குது, கடைசிப் பெட்டி வந்தப்புறம்தான் கால்னு. டிராயர்ல இருக்கற ரெண்டு ஆய்ஸ்டர் கார்டுலயும் நேத்துதான் பத்துப் பத்துப் பவுண்டு போட்டு வச்சேன்.