ஈசூன் தாதியும் நெப்ராஸ்கா சிற்றூரும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூருக்குக் குடிபோயிருக்கும் என் தங்கை, அங்குள்ள மருந்தகத்துக்கு (கிளினிக்குக்கு) மருத்துவர் வாரத்தில் சில நாள்கள்தான் வருவார் என்றும், மற்ற நாள்களில் பிசிஷியன் அசிஸ்டன்ட் எனப்படும் மருத்துவ உதவியாளர் ஒருவரே நோயாளிகளைப் பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டு, "டாக்டர் இல்லாதவரிடம் சர்க்கரை வியாதிக்கு எப்படிக்கா காட்டுவது?" என்று கேட்டாள். தயங்காமல் காட்டு என்றேன். சிங்கப்பூரில் வேரூன்றிய ஆண்டுகள்தான் எனக்கு அந்த உறுதியைத் தந்தன.

அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த எங்களுக்குத் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மாதான் முதல் மருத்துவம். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவருக்கு மனப்பாடம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துக்கு வந்தபோது அடுக்குமாடி புளோக்கின் கீழேயே மருந்தகம் இருந்தது, மருத்துவர்களும் திறமையானவர்கள்தாம். ஆனால் வேலை முடிந்து வரும் நேரத்தில் எது திறந்திருக்கிறதோ அங்கே போய், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. சர்க்கரை போன்ற நோய்க்கு அது போதாது. நிரந்தரவாசியாகி, மானியக் கட்டணத்தில் பாலிகிளினிக் எனப்படும் அரசுப் பலதுறை மருந்தகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகே, என்னைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவர் கிடைத்தார். அவர் மருத்துவர் அல்லர். ஏபிஎன் எனப்படும் மேல்நிலைத் தாதி, அதாவது கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ்.

முதல் சந்திப்பிலேயே, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் என் உள்ளங்காலில் இடம் மாற்றி மாற்றித் தொட்டு, உணர்வு தெரிகிறதா என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு 9.2 என்றிருந்த என் சர்க்கரை அளவை 18ஆல் பெருக்கி, ஏறத்தாழ 166 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு, நம் ஊரில் மில்லிகிராம் கணக்கு என்பதை அவர் சொல்லித்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் இத்தகைய தாதியருக்கு 2006 முதல் தனிப் பதிவேடு உண்டு; 2018 முதல், அதற்குரிய பயிற்சியை முடித்தவர்கள் மருத்துவருடனான ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதித் தருகிறார்கள்.

தங்கையின் ஊரில் இருப்பவர் வேறு வழியில் வந்தவர் என்றாலும், அங்கும் அடிப்படை இதேதான். அமெரிக்காவில் மருத்துவர் பற்றாக்குறை இருந்த காலத்தில், 1965இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியவர்களைக் கொண்டு பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பைத் தொடங்கியது. பட்டப்படிப்புக்குப் பிறகு ஏறத்தாழ 27 மாதப் பயிற்சி, தேசியத் தேர்வு, மாநில உரிமம் என்று எல்லாம் உண்டு. பரிசோதிக்கவும், ரத்தச் சோதனைக்கு அனுப்பவும், மருந்து எழுதவும் அவர்களால் முடியும். 1977இல் வந்த கிராமப்புற மருந்தகச் சட்டம் இவர்களின் சேவைக்கு மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்புறுதித் திட்டங்களின் பணம் கிடைக்க வழிசெய்ததால்தான் பல சிற்றூர்களில் மருந்தகமே நிலைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அவளிடம் நான் வற்புறுத்திச் சொன்னவை சில உண்டு. மாநில உரிம வாரியத்தின் இணையத்தளத்தில் அவருடைய பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலைமை கைமீறினால் எந்த மருத்துவரை அழைப்பார், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார் என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும். அடுத்த மருத்துவமனை வெகுதூரத்தில் இருக்கும் ஊரில் இது மிகவும் முக்கியம். ஊரிலிருந்து கொண்டுபோன மாத்திரையின் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மெட்ஃபார்மின் என்பதுபோல மருந்தின் பெயரையே அளவோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்குதான் என்பதால், ஊரில் எடுத்த பழைய சோதனை முடிவுகளை அவள் அப்படியே காட்டலாம்.

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்களும், தங்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவரைத் தேடிக்கொள்வதைத் தள்ளிப்போட வேண்டாம். 40 வயதைத் தொட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசுச் சுகாதாரத் திட்டத்தில் ஒரே மருந்தகத்தைத் தேர்ந்து பதிந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் முதலில் நிறுவனத்தின் காப்புறுதி எந்த மருந்தகங்களை ஏற்கிறது என்று கேட்டு, அவற்றில் ஒன்றுக்கே தொடர்ந்து போய், ஒவ்வொரு சோதனை முடிவின் நகலையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.