கணக்கு சாரும் எச்7 சிப்பாயும்

நம் பழைய மாணவர் மலருக்கு எழுதுகிறவர்கள் காலை வழிபாட்டையும் ஆண்டு விழாவையும் ஏற்கெனவே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குச் செங்கோட்டைப் பள்ளி என்றால் சதுரங்கம். 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த ஆண்டுச் சாரலில் மைதானம் சேறாகிவிட, வராந்தா முழுக்கப் பலகைகள் முளைத்தன.

எல்லாருக்கும் தாக்குதல் ஆட்டம்தான் பிடிக்கும். அதாவது, மூன்றாவது நகர்த்தலிலேயே ராணியை வெளியே இழுத்துவந்து செக் சொல்லிக்கொண்டே இருப்போம். கணக்கு சார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மாலையில், 1858இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் அமெரிக்க ஆட்டக்காரர் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தைக் கரும்பலகையில் எழுதினார். எதிரே இரண்டு பிரபுக்கள், கலந்து பேசி ஆடுகிறார்கள். பதினேழே நகர்த்தல், ராணியைப் பலி கொடுத்து யானையால் மேட். நாங்கள் அந்தப் பலியைப் பார்த்து வாய் பிளந்தோம். சார் விரல் வைத்ததோ எட்டாவது நகர்த்தலில். எதிராளியின் பி7 கட்டத்துச் சிப்பாய் இலவசமாகக் கிடக்கிறது. மார்ஃபி அதைத் தொடாமல் குதிரையை வெளியே கொண்டுவருகிறார். தொட்டிருந்தால் எதிராளி ராணியால் செக் கொடுத்து, ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டு தப்பியிருக்கலாம். பதினான்காவதில் மூலையில் தூங்கிய யானையும் வந்து சேர்ந்துவிடுகிறது. கறுப்பின் ராஜா பக்கத்து மந்திரியும் யானையும் கடைசிவரை நின்ற இடத்திலேயே நின்றன. “ஏலே, ஆள் சேர்க்காமல் எவனாவது சண்டைக்குப் போவானா?” என்றார் சார்.

அடுத்து வந்தது எச்7 பலி. மந்திரியைப் பலி கொடுத்து எதிராளியின் எச்7 சிப்பாயை வெட்டி, குதிரையை ஜி5இல் பாய்ச்சி, ராணியை எச்5க்கு அனுப்பும் பழைய வித்தை. இது பலிக்க, எதிராளியின் ராஜாவைக் காக்கும் குதிரை எஃப்6இல் இருக்கக் கூடாது. நம் சிப்பாய் இ5இல் நின்றால் அது அங்கே எளிதில் திரும்பாது. எதிராளியின் மந்திரி எஃப்5க்கு வந்து எச்7ஐக் காக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ராஜா பின்வாங்காமல் ஜி6க்கு ஏறிவந்தால் என்ன பதில் என்பதும் வெட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் விரும்புவதில்லை.

கொல்லத்துப் போட்டிக்கு மீட்டர்கேஜ் ரயிலில் போவோம். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி இருண்டுவிடும். சார் அதற்காகவே காத்திருப்பார். மடியிலிருந்த பலகை கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், மேலும் மூன்று நகர்த்தல்களை வாயால் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தில்கூட அவ்வளவு கறார் காட்டியதில்லை.

இங்கே துபாயில் என் மகள் கைபேசியில் சதுரங்கப் புதிர்களைச் சரசரவென்று விடுவிக்கிறாள். இரட்டைத் தாக்குதலைக் கண் சட்டென்று பிடிக்க அது நல்ல பயிற்சிதான். ஆனால் புதிர் என்றாலே, இங்கே ஒரு வெட்டு ஒளிந்திருக்கிறது என்று முதலிலேயே காட்டிக்கொடுத்துவிடுகிறது. போட்டிப் பலகையில் அப்படிச் சொல்ல ஆளில்லை. பல நிலைகளில் வெட்டே இருக்காது, யானையை நடுவுக்கு நகர்த்துவதுதான் ஆட்டம். அதனால் சாரின் வழியையே அவளுக்கும் வைத்திருக்கிறேன். பழைய ஆட்டத்தில் அடுத்த நகர்த்தலை அட்டையால் மறைத்து, தன் ஊகத்தைக் காரணத்தோடு எழுதிய பிறகே அட்டையை விலக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள். 1960இல் உலகச் சாம்பியனான மிகயீல் தாலின் ஆட்டங்களை இன்னும் கொடுக்கவில்லை. அவருடைய பலிகள் சிலவற்றில் எதிராளிக்குத் தப்பும் வழி இருந்ததைப் பின்னாளில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள்; கடிகாரம் ஓடும்போது அதைக் கண்டுபிடிப்பது வேறு கதை. அந்தத் துணிச்சலைப் பார்த்துக் கெட்டுப்போக அவளுக்கு இன்னும் வயதிருக்கிறது.

சார் தம் கையால் ஆட்டங்களை எழுதிவைத்த நீண்ட கணக்கு நோட்டு நம் வகுப்பில் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியாக வாங்கியவர் இதைப் படித்தால், பக்கங்களைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த மலரில் போடலாம்.