படிக்கட்டுக் காதல்

மாஸ்கோவில் குளிர்காலம் வந்துவிட்டால் பள்ளி வயதுக் காதலர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. பூங்காவெல்லாம் பனி. வீடு என்றால் இரண்டு அறை, ஒன்றில் பாட்டி இருப்பார். மிச்சமிருப்பது அடுக்குமாடியின் படிக்கட்டுதான். மாடி திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல், அதன் கீழே கட்டடத்தைச் சூடாக்கும் ரேடியேட்டர், சுடச்சுட. எங்கள் கட்டடத்தில் ஒரு பையனும் பெண்ணும் பள்ளிப் பையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில் அவர்களைத் தாண்டிப்போக எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர்களோ வணக்கம் சொல்லிவிட்டு, காலை மடக்கி வழிவிடுவார்கள்.

மொழி பழகப் பழைய படங்களைப் பாருங்கள் என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. அப்படித்தான் இலியா ஃப்ரேஸ் இயக்கி 1981இல் வந்த 'நீங்கள் கனவிலும் காணாதது' படத்தைப் பார்த்தேன். காத்யாவும் ரோமாவும் பள்ளிப் பிள்ளைகள். ரோமாவின் அப்பா ஒரு காலத்தில் காத்யாவின் அம்மாவை விரும்பியவர். அந்தப் பழைய மனக்கசப்பில் ரோமாவின் அம்மா இவர்களைப் பிரிக்கப் பார்க்கிறார். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி மகனை லெனின்கிராடுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் பாட்டியும் கூட்டு என்பதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. படத்தில் வரும் பாட்டு தாகூரின் கவிதை, ரஷ்ய மொழியில். இசை ரிப்னிக்கோவ். அது தாகூர் என்று தெரிந்த அன்று, இந்த ஊர் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது.

யூலி ரைஸ்மன் 1961இல் எடுத்த இன்னொரு படத்திலும் இதே கதிதான். ஒரு காதல் கடிதம் பெரியவர்கள் கையில் சிக்கியதும் பள்ளியும் அக்கம்பக்கமும் சேர்ந்து பிள்ளைகளை நோகடிக்கின்றன.

எங்கள் மாடியில் நடந்ததோ வேறு. மார்ச் 8, மகளிர் தினத்தன்று அந்தப் பையன் டியூலிப் பூக்களோடு வந்து நின்றான். பெண்ணுக்கு ஐந்து, அவள் அம்மாவுக்கு மூன்று. இங்கே இரட்டைப்படையில் பூ கொடுப்பது இறந்தவர்களுக்குத்தான், அதனால் பிள்ளைகள்கூட எண்ணித்தான் வாங்குவார்கள். அந்த அம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளச் செருப்பு எடுத்துக் கொடுத்து, சமையலறையில் உட்காரவைத்து சூப் ஊற்றினார். கொஞ்ச நாளில் அந்த வீட்டு வாசலில் அவனுக்கென்றே ஒரு ஜோடி செருப்பு வந்துவிட்டது.

"பயமில்லையா?" என்று அவரிடம் கேட்டேன். "இருக்கிறது. ஆனால் படிக்கட்டில் விறைத்துப்போவதைவிட என் கண்ணெதிரே சாப்பிடட்டுமே" என்றார்.

என் மகளுக்கு இப்போது 13 வயது. இந்தக் கோடையில் காத்யா, ரோமா படத்தை அவளோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறேன். ரோமாவின் அம்மா செய்தது சரியா என்று கட்டாயம் கேட்பாள். சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.