பாங்காக்கின் பெயருக்குள் ஓர் அயோத்தி

பாங்காக் போகிறவர்கள் சாவ் சிங் சா என்கிற பெரிய சிவப்பு ஊஞ்சல் தூண்களைப் படம் எடுத்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் திரும்பி எதிரே மாநகராட்சிக் கட்டடத்தையும் பாருங்கள். ஊரின் முழுப்பெயரை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். உலகிலேயே நீளமான ஊர்ப்பெயர் இதுதான் என்பது கின்னஸ் கணக்கு.

உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் பேசும்போது பாங்காக் என்பதில்லை, 'க்ருங் தேப்' என்கிறார்கள். க்ருங் என்றால் தலைநகர், தேப் நம்ம தேவர். முழுப்பெயர் அங்கிருந்து 'மகா நகோன்' என்று தொடங்கி ஓடுகிறது. நகோன் என்று வாசித்தாலும் எழுத்தில் ந, க, ர என்றுதான் இருக்கிறது. சொல்லின் கடைசியில் வரும் ர-வை ன் என்று உச்சரிப்பது தாய்லாந்து மொழியின் வழக்கம். இது பிடிபட்டதும் எனக்கு அத்தனை சந்தோஷம். நொப்பரத் நவரத்தினம், ராச்சதானி ராஜதானி, விசனுகம் விசுவகர்மா! இந்திரன் கொடுக்க விசுவகர்மா கட்டிய நகரம் என்று முடிகிறது பெயர்.

நடுவில் 'அயுத்தயா' என்று வரும் இடம்தான் என்னை உலுக்கியது. நம்ம அயோத்திதான், வெல்ல முடியாதது என்று பொருள். அந்தப் பெயரில் இருந்த பழைய தலைநகரை 1767-இல் பர்மியப் படை எரித்துத் தரைமட்டமாக்கியது. வெறும் 15 வருடம் கழித்து, 1782-இல், முதலாம் ராமா என்ற மன்னர், சாவோ பிராயா ஆற்றின் கிழக்குக் கரையில் புதுத் தலைநகரை அமைத்தார். எரிந்துபோன ஊரின் பெயரைப் புது ஊரின் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நீளத்துக்காக மட்டும் இந்தப் பெயரைப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

சரி, பாங்காக்? அது அதற்கும் முந்தைய கிராமத்தின் பெயர். 'பாங்' என்றால் நீர்க்கரைக் குடியிருப்பு. மீதி, மகோக் என்ற புளிப்புப் பழத்திலிருந்து வந்தது என்பார்கள் சிலர், தீவைக் குறிக்கும் 'கோ' என்பார்கள் வேறு சிலர். வாட் அருண் கோயிலுக்கு முன்பு வாட் மகோக் என்றே பெயர் இருந்ததால் நான் பழத்தின் பக்கம். அயுத்தயா காலத்து வெளிநாட்டு வணிகர்கள் பிடித்துக்கொண்ட பெயர், அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே தேவசதான் என்ற பிராமணக் கோயில் இருக்கிறது. ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டாலும், அது சேர்ந்திருந்த 'த்ரியம்பவாய்' விழா இன்றும் அங்கே நடக்கிறது. பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்: நம்ம திருவெம்பாவை! மார்கழி, தை வாக்கில் போனால் விழாவைப் பார்க்கலாம். தேதியை மட்டும் கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.