பெயில்தான் இப்ப கேஸே

சென்னை ஐகோர்ட்ல ஒரு சீனியர் வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கேன், எங்க ஆபீசுக்கு இப்ப அமலாக்கத்துறை கேஸ் நிறைய வருது. முன்னெல்லாம் புதுக் கட்டு பிரிச்சா எஃப்.ஐ.ஆர்.ல என்ன இருக்கு, சாட்சி யாருன்னு பாப்போம். இந்தக் கேஸ்னா சீனியர் கேக்கற முதல் கேள்வியே "ஆளு உள்ளயா வெளியயா"ங்கறதுதான்.

காரணம் பி.எம்.எல்.ஏ.ங்கற சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தோட 45வது பிரிவு. அரசு வக்கீல் பெயிலை எதிர்த்துட்டார்னா, இவர் குற்றவாளி இல்லன்னு நம்ப காரணம் இருக்கு, வெளிய போனாலும் தப்பு பண்ண மாட்டார்னு ஜட்ஜுக்கே தோணணும், அப்பதான் பெயில். கோர்ட்ல விசாரணையே ஆரம்பிக்காதப்ப இதை எப்படிங்க காட்டறது? 2017ல சுப்ரீம் கோர்ட் இந்த நிபந்தனை செல்லாதுன்னுச்சு, 2018ல திருத்தம் பண்ணி திரும்ப கொண்டு வந்துட்டாங்க, 2022 ஜூலைல விஜய் மதன்லால் தீர்ப்புல செல்லும்னு ஆயிடுச்சு.

50வது பிரிவு அதைவிட மோசம்ங்கறது என் கருத்து. போலீஸ்கிட்ட குடுக்கற வாக்குமூலம் கோர்ட்ல ஆதாரமா நிக்காது, ஈ.டி. (அமலாக்கத்துறை) அதிகாரி எழுதி வாங்கறது நிக்கும். ஒரு அரசியல்வாதிக்கு வேண்டிய கம்பெனில கணக்கு எழுதறவர் ஒருத்தருக்கு சம்மன் வந்து நான் கூட போயிருந்தேன், உள்ள விட மாட்டாங்க, வெளியதான் நிக்கணும். காலைல போனவர் நடுராத்திரி தாண்டி வந்தார், போனை வாங்கி வச்சுட்டாங்க, வீட்டுக்கு சொல்லணும்னு என் போனை கேட்டு வாங்கிட்டு பொண்டாட்டி நம்பர் ஞாபகம் வராம அப்படியே கைல வச்சுட்டு நின்னார். "எல்லா பக்கத்துலயும் கையெழுத்து போட்டேன் தம்பி, என்ன எழுதிருந்துதுன்னு படிக்க முடியல, கண்ணு இருட்டிடுச்சு"ன்னார். அவர் மேல கேஸே இல்ல, ஆனா அவர் கையெழுத்து போட்ட அந்தப் பேப்பர் முதலாளியோட பெயில் மனுவுக்கு எதிரா வந்து நின்னுச்சு.

இவ்வளவு பலம் இருக்கற ஒரு சட்டம் ஆளுங்கட்சி கைல இருந்தா எதிர்க்கட்சிக்காரங்க பயப்படாம என்ன பண்ணுவாங்க. 2014க்கு அப்புறம் ஈ.டி. வளையத்துல வந்த முக்கிய அரசியல்வாதிங்க 121 பேர்ல 115 பேர் எதிர்க்கட்சின்னு 2022ல இந்தியன் எக்ஸ்பிரஸ் எண்ணிப் போட்டாங்க. மத்திய அரசு மறுக்குது, ஆதாரம் இருந்தாதான் நடவடிக்கை, மொத்த கேஸ்ல எம்.பி., எம்.எல்.ஏ.ங்க மேல இருக்கறது 3 சதவீதம் கூட இல்லன்னு சொல்றாங்க. அதோட 96 சதவீதம் தண்டனைன்னு ஒரு கணக்கும் வரும். 2023 ஜனவரி வரைக்கும் பதிவானது 5,906, அதுல விசாரணை முடிஞ்சது வெறும் 25, தண்டனை 24, அந்த 96 இங்கேர்ந்து வருது. மீதி ஆயிரக்கணக்கான கேஸ் என்ன ஆச்சு? 2025 மார்ச்ல நாடாளுமன்றத்துல அரசே குடுத்த பதில்படி 10 வருஷத்துல அரசியல்வாதிங்க மேல 193 கேஸ், தண்டனை 2.

செந்தில் பாலாஜி 471 நாள், டெல்லில துணை முதல்வரா இருந்த மணீஷ் சிசோடியா 17 மாசம் உள்ள இருந்தாங்க, ரெண்டு பேருமே விசாரணை முடியாமலே வெளிய வந்தாங்க. கெஜ்ரிவாலை 2024 மார்ச்ல கைது பண்ணப்ப எலக்‌ஷன் தேதி அறிவிச்சு ஒரு வாரம் கூட ஆகல. ஜார்க்கண்ட் அரசியல்வாதி ஹேமந்த் சோரனுக்கு அஞ்சு மாசம் கழிச்சு பெயில் குடுக்கறப்ப, அவர் குற்றம் பண்ணலைன்னு நம்ப காரணம் இருக்குன்னு ஜார்க்கண்ட் ஐகோர்ட் சொல்லிச்சு. இவங்கள்ல யார் தப்பு பண்ணாங்க பண்ணலைன்னு நான் சொல்ல வரல, ஊழல் பண்ணிருந்தா தண்டனை கிடைச்சே ஆகணும், அதுக்கு விசாரணை நடந்து தீர்ப்பு வரணும்ல.

இது ஒரு கட்சியோட வேலை மட்டும்னு எழுதினா அதுவும் பொய்யாயிடும். 2013ல காங்கிரஸ் ஆட்சியிலதான் சி.பி.ஐ.யை கூண்டுக்கிளின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. பி.எம்.எல்.ஏ. நாடாளுமன்றத்துல பாஸானது வாஜ்பாய் காலத்துல, 2005ல அமலுக்கு வந்தப்ப நிதியமைச்சர் ப.சிதம்பரம், அவரே 2019ல 106 நாள் உள்ள இருந்தார்.

கடுமையான பெயில் நிபந்தனையும் விசாரணைல தாமதமும் ஒண்ணா இருக்க முடியாதுன்னு செந்தில் பாலாஜி பெயில் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொன்னதை இப்ப நாங்க போடற எல்லா மனுவுலயும் சேக்கறோம், பேர் தெரியாத சாதாரண ஆளுங்களுக்கும் அது உதவுது. ஆனா அதைச் சொல்லணும்னாலே ஆளு பல மாசம் உள்ள இருந்திருக்கணும், கைதான முதல் வாரத்துல ஓடி வர்ற குடும்பத்துக்கிட்ட காட்ட எங்ககிட்ட பழைய 45வது பிரிவுதான் இருக்கு.