காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்பது

வீடு தேடி வந்து விற்பவரிடம் பலரும் மாட்டிக்கொள்வது காரணம் சொல்லப்போய்த்தான். "இப்ப கையில காசு இல்லை" என்றால் பையிலிருந்து தவணைத் திட்டம் வெளியே வரும். "வீட்டுல கேட்கணும்" என்றால், "இப்பவே போன் போடுங்க, நானே பேசுறேன்" என்பார். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்றால் இருக்கவே இருக்கிறது எக்ஸ்சேஞ்ச். இதற்கெல்லாம் என்ன பதில் என்று பயிற்சியிலேயே மனப்பாடம் செய்ய வைத்துத்தான் அனுப்புகிறார்கள். "வேண்டாங்க, நன்றி" என்று நிறுத்திக்கொண்டால் பிடித்துத் தொங்க அவருக்கு எதுவும் இல்லை. கதவைச் சாத்துவதில் மரியாதைக்குறைவும் இல்லை. வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு மணி நேரம் உட்கார வைப்பதுதான் அவர் பிழைப்பைக் கெடுப்பது.

"ரெண்டே நிமிஷம், டெமோ மட்டும்" என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை. 1966-ல் ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு வெளியானது. 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அசிங்கமான பலகையை வீட்டு முன்புறம் நடலாமா என்று திடீரெனக் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். அதே விஷயத்துக்காகக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சின்ன அட்டையை வைக்கச் சம்மதித்திருந்தவர்களில் 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். டெமோதான் அந்தச் சின்ன அட்டை.

டெமோவில் கண்ணால் பார்ப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். தண்ணீர் சுத்திகரிப்பான் விற்பவர் இரண்டு டம்ளர் வைப்பார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு திரளும். "இதைத்தான் குழந்தைங்க குடிக்கிறாங்க" என்பார். அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததில்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்புகள் உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் கம்பி அரிக்கும். உப்பு நீக்கிய தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். டி.டி.எஸ். மீட்டரும் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. மெத்தையில் தூசு உறிஞ்சிக் கறுப்புத் துணியில் காட்டுவதும் இதே ரகம்தான். எந்த வேக்குவம் கிளீனரை வைத்தாலும் தூசு வரும்.

இவ்வளவும் அவர் பக்கத்து வேலை. பொய் சொன்னால் குற்றம் அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேனா உங்கள் கையில் இருக்கிறது. வாசலில் வந்த எதையும் அன்றே வாங்குவதில்லை என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இந்த விலை இன்னிக்கு மட்டும்தான்" என்பவரிடம் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் எழுதித் தரமாட்டார். ஓடிபியையோ வங்கி விவரத்தையோ கொடுத்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்பது நடக்காத காரியம்.

கையெழுத்துப் போடுவதென்றால் முதலில் தேதியைப் பாருங்கள். முன்தேதி போட்டிருந்தால் ரத்து செய்யும் காலம் அதற்குள் ஓடியிருக்கும். காலிக் கட்டங்களைக் கோடு போட்டு அடியுங்கள். வாயால் சொன்ன இலவச சர்வீஸ் தாளில் இல்லையென்றால், அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பொருள் வராமலே 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

போட்டுவிட்டு மனசு மாறினாலும் வழி உண்டு, நாள்தான் குறைவு. அமெரிக்காவில் வீட்டில் நடந்த விற்பனையை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம், சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள். விதிவிலக்குகள் உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிக்குப் போன் செய்தால் "சரிங்க, நாளைக்கு வர்றேன்" என்றே நாளைக் கடத்திவிடுவார். நிறுவன முகவரிக்கு, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் கடிதம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எழுத வேண்டாம். ஒப்பந்த எண், தேதி, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி போதும். அதுவரை மெஷினைப் பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வையுங்கள். அடுத்து மேனேஜர் கூப்பிட்டு "என்னங்க பிரச்சினை, சொல்லுங்க சரிபண்ணிடலாம்" என்பார். அவருக்கும் அதே "வேண்டாங்க, நன்றி"தான்.